ஆறாத புண்ணும் கொட் மீன் தோலும்



நோர்வேக்கு முந்தி வந்த எங்கடை ஆட்கள் பலர் வடக்கே பின்மார்க் கரையோர ஊர்களில், மீன் தொழிற்சாலைகளில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அங்கே கொட் மீனின் தோலை உரித்து ஒதுக்குவார்கள். அது கழிவு. இன்று அதே தோலை ஆறாத புண்ணுக்கு வைத்துக் கட்டுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில் இசாபியோர்தூர் என்றொரு சிறிய மீன்பிடி ஊர். அங்கே தொடங்கிய கெரெசிஸ் என்ற நிறுவனம்தான் இதைச் செய்தது. தோலிலிருந்து செதிலையும் உயிர்க்கலங்களையும் நீக்கி, உறைய வைத்து உலர்த்தி, கிருமி நீக்கிப் பொதி செய்கிறார்கள். மிஞ்சுவது நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு வலை. அதைப் புண்ணில் வைத்தால் நோயாளியின் சொந்தக் கலங்கள், பந்தலில் கொடி படர்வதுபோல அந்தத் துளைகளுக்குள் படர்ந்து புதுத் தசையை உண்டாக்கும். மீன் தோல் மெல்ல மெல்ல உடம்போடு சேர்ந்துவிடும்.

பன்றி, மாட்டுத் தோல்களிலும் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் அவற்றிலிருந்து மனிதருக்கு நோய் தொற்றலாம் என்ற பயத்தில் கடுமையாகச் சுத்திகரிக்க வேண்டும். குளிர்கடல் மீனில் அந்தப் பயம் மிகக் குறைவு. அதனால் ஒமேகா-3 கொழுப்பும் தோலின் இயற்கை அமைப்பும் கெடாமல் இருக்கின்றன. மாடு, பன்றி என்றால் முகம் சுளிக்கும் சைவக்காரருக்கும் இஸ்லாமியருக்கும் மீன் கொஞ்சம் ஆறுதல்தான். 2013ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023ல் டென்மார்க்கின் கொலோப்பிளாஸ்ட் நிறுவனம் 130 கோடி டொலர் வரையான விலைக்கு இதை வாங்கியது. கழிவுக்கு வந்த விலையைப் பாருங்கள்!

(தயவுசெய்து யாரும் கடையில் வாங்கிய மீன் தோலை வீட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டாம். பச்சை மீனில் உள்ள கிருமி புண்ணைச் சீழாக்கிவிடும்.)

இதை ஏன் எங்கள் பத்திரிகையில் எழுதுகிறேன்? சீனி வருத்தம். ஒஸ்லோவின் ரும்சோஸ், பூருசெட் பகுதிகளில் நடந்து 2005ல் வெளியான ஆய்வொன்றில், 30 முதல் 59 வயது வரையான தெற்காசியப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருந்தது. மேற்கத்தியப் பெண்களில் அது 100க்கு 3 பேர் அளவுதான். எங்கள் மோர்டென்ஸ்ருட் அடுக்குமாடிகளில் கதவு கதவாகத் தட்டினால் என்ன தெரியவரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவு கால் நரம்பைத் தாக்கலாம். குத்தினாலும் வெட்டினாலும் நோகாது. இரத்த ஓட்டமும் குறைவதால் சின்னப் புண்ணும் ஆறாது. என்னோடு வேலை செய்த ஒருவர், பாதுகாப்புச் சப்பாத்துக்குள் கால் வெட்டுப்பட்டதை, மாலையில் காலுறையின் நிறத்தைப் பார்த்துத்தான் அறிந்தார். பிறகு ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. விரலோடு போகாமல் முழங்கால் வரை போன கதைகளும் உண்டு.

"புண்ணில் காற்றுப் பட வேணும், காய விட வேணும்" என்று ஊரில் சொல்வார்கள். 1962ல் லண்டனில் ஜோர்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் காயங்களை வைத்துப் பார்த்தார். மூடி ஈரப்பதத்தோடு விட்ட காயத்தில், காய விட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத்தோல் மூடியது. இன்றைய கட்டுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். நோர்வேயின் மேற்குக் கடலில் அறுக்கும் பெரிய கடற்பாசியிலிருந்து அல்ஜினேட் எடுக்கிறார்கள். அல்ஜினேட்டில் செய்த கட்டு புண்ணின் நீரை உறிஞ்சிக் களியாக மாறி ஈரத்தைக் காக்கும்.

இப்போது கட்டுக்கே புத்தி வைக்கிறார்கள். அமெரிக்காவின் கல்டெக் கல்லூரியில் வெய் காவோ என்பவரின் குழு ஒரு மின்னணுக் கட்டு செய்திருக்கிறது. அது புண்ணில் ஊறும் நீரைத் துளித்துளியாக எடுத்துச் சோதித்து, கண்ணுக்குத் தெரியுமுன்பே கிருமித் தொற்றைச் சொல்லும். அவரவர் புண் ஆற எவ்வளவு நாள் செல்லும் என்று கணினி கணிக்கும். 2025ல் 20 நோயாளிகளிடம் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். வீட்டுக்கு வர இன்னும் காலம் செல்லும் என்றே நினைக்கிறேன். அதுவரைக்கும் இரவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். நீரிழிவுக்காரர் வருடத்துக்கு ஒருமுறை பாஸ்ட்லேகெயிடம் காலைக் காட்டிச் சோதிக்கக் கேளுங்கள். புண் சிவந்து வீங்கினாலோ மணத்தாலோ அன்றைக்கே தொடர்பு கொள்ளுங்கள். அவர் இல்லாத நேரத்தில் லேகெவாக்ட் எண் 116117.

பாஷை தெரியாதே என்று பின்னடிக்க வேண்டாம். 2022 ஜனவரி 1 முதல் நோர்வேயில் மொழிபெயர்ப்பாளர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உயிராபத்து போன்ற அவசர வேளைகள் தவிர, பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்பது அதில் உள்ளது. அப்பாவின் கால் புண்ணை விளங்கப்படுத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறிக்கத் தேவையில்லை. நேரம் எடுக்கும்போதே "தமில்ஸ்க் தொல்க்" வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.