காதால் கேட்டுச் சமைத்தவர்கள் நாம்



சென்ற மாதம் சங்க வேலையாகப் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். அங்கே ஒரு கடையில் வேலை செய்யும் என் அக்கா மகளும் திரும்பும்போது கிள்ளானுக்கு என்னோடு ரயிலேறினாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தானாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"என்னம்மா, சினிமாப் பாட்டா?" என்றேன்.

"இல்ல மாமா, ரசம் வைக்கிறது எப்படின்னு ஒரு அம்மா சொல்றாங்க. நீங்களும் கேளுங்க."

ஒரு பக்கத்தை என் காதில் மாட்டினாள். படமில்லை, எழுத்தில்லை, குரல் மட்டும். புளி கரைக்கும் கணக்கு, கடுகு வெடிக்கும் ஓசை, நடுவில் மாமியார் கதை! அங்காசாபுரி நிலையம் வந்துபோனது. அங்கிருந்து வரும் தமிழ் வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வானொலியில் நேரம் தவறினால் நிகழ்ச்சி போயிற்று. இது அப்படியில்லை. வேண்டிய நேரத்தில் கேட்கலாம், நிறுத்தலாம், மறுபடி கேட்கலாம். இதைப் பாட்காஸ்ட் என்கிறார்கள், தமிழில் வலையொலி. 2004-இல்தான் அந்த ஆங்கிலச் சொல்லே பிறந்தது. லண்டன் பிபிசி 1979-இல் தொடங்கிய உணவு நிகழ்ச்சியைக்கூட இன்று இப்படிக் கேட்கலாம்.

கிள்ளானில் வீட்டுக்குப் போனதும் என் தாயாருக்கும் போட்டுக் காட்டினோம். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். சமையல் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் என்ன பயன்? ஆனால் இதை அரை மணி நேரம் அசையாமல் கேட்டார். பிறகு ஒரு கேள்வி போட்டார்.

"நல்லாத்தான் சொல்றா. நம்ம மரவள்ளிக்கெழங்கப் பத்தி யாராச்சும் சொல்றாங்களா?"

அக்கா மகள் தேடித்தேடிப் பார்த்தாள். அன்றைக்கு எங்கள் தோட்டத்துப் பக்குவம் எதுவும் அவளுக்கு அகப்படவில்லை.

எண்ணிப் பாருங்கள். 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், அரிசிக்கு மலாயாவே தவித்தது. நம்மவர் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளி. அதிலும் கசப்பு வகையில் நஞ்சு உண்டு. மேல்தோலோடு உள்தோலையும் உரித்து, துண்டு போட்டு, ஊறவைத்து, நிறைய நீரில் மூடாமல் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்ட வேண்டும். என் தாயார் இதைத் தம் தாயாரிடம் கேட்டுக்கொண்டார். எந்தக் கிராணியும் பெரட்டுக்களத்தில் எழுதி ஒட்டவில்லை. ஒரு தாய் சொல்ல, இன்னொரு தாய் கேட்டாள், பிள்ளைகள் பிழைத்தார்கள்.

காதால் கேட்டுச் சமைப்பது நமக்குப் புதிதல்ல. கருவி மட்டுமே புதிது.

சம்பளம் பேசுகிறவன் சமையல் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். பால்மரக் காடுகள் பல தாமான்களாகிவிட்டன. லயத்து வீடுகளில் ஒன்றாக இருந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஆயாக்கொட்டகைக் கஞ்சியின் கதை தெரிந்த பாட்டிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்தப் பக்குவமும், நாம் எதைத் தின்று இந்த நாட்டை உருவாக்கினோம் என்ற சாட்சியும் போய்விடும்.

தோட்டத்து அடுப்பை யார் மதிப்பார் என்று கேட்காதீர்கள். பேராக், சுங்கை சிப்புட்டில் தோட்ட வேலை செய்துவந்த சுகு - பவித்ரா 2020-இல் மலாய் மொழியில் சமைத்துக் காட்டியபோது இந்த நாடே பார்த்தது.

ஆகவே பிள்ளைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியைப் பாட்டி பக்கத்தில் வையுங்கள். "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க? அரிசி இல்லாத நாள்ல என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். அவர் சம்மதித்தால் நாலு பேர் கேட்கும்படி வெளியிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளாவது வைத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை. செம்பனைக் குலை வெட்டும்போது காதில் எதையும் மாட்டாதீர்கள். மட்டை முறியும் சத்தம்தான் அங்கே உயிர்க் காவல். கேட்பதை அடுப்படியிலும் ரயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு என் தாயார் பேசப் போகிறார். மரவள்ளியும் நெத்திலிச் சம்பாலும். "சத்தமா பேசணுமாடா?" என்று இப்போதே கேட்கிறார்.