சுற்றாத கிரைண்டரும் சின்னக் கெபாசிட்டரும்

கம்ப்யூட்டர் இதழில் கிரைண்டருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இரண்டையும் முடக்கிப் போடக்கூடிய பாகம் ஒன்று உண்டு. அதுதான் கெபாசிட்டர். ஒன்றில் அதை நாமே மாற்றலாம். மற்றதில் கை வைக்கக் கூடாது. அந்த வேறுபாட்டை நான் ஒரு பட்டறையில் விளக்க வேண்டி வந்தது.

நாமக்கல் என்றாலே முட்டையும் லாரியும்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் இங்கு ஏராளம். என் மச்சானும் அப்படி ஒரு பட்டறை வைத்திருக்கிறார். பில் போடுவதற்காகப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதைச் சொல்லிக் கொடுக்கப் போன அன்று அவருக்கு வேறு கவலை. உளியும் ட்ரில் பிட்டும் தீட்டும் பெஞ்ச் கிரைண்டர் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று உறுமல் மட்டும் கேட்டது. கல் சுற்றவில்லை.

பட்டறைப் பையன் கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். உடனே ஓடத் தொடங்கிவிட்டது. "பாருங்க மாப்ள, தள்ளி உட்டா ஓடுதுங்க" என்றார் மச்சான் மகிழ்ச்சியாக.

எனக்குப் பகீர் என்றது. இந்த வகை மோட்டார் நிமிடத்திற்கு 2,800 தடவைக்கு மேல் சுற்றும். கல்லுக்கும் அதன் முன்னால் உள்ள தாங்கிக்கும் இடையே விரல் மாட்டினால் என்ன ஆகும்? முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம்தான் பேச்சு.

ஏன் உறுமுகிறது?

வீட்டு மின்சாரம் சிங்கிள் ஃபேஸ். அதை ஒரே ஒரு காயிலில் கொடுத்தால் காந்தப் புலம் முன்னும் பின்னும் மாறி மாறி இழுக்கும். எந்தப் பக்கமும் சுற்றிவிடாது. எனவே மோட்டாருக்குள் இரண்டாவதாக ஒரு காயில் வைத்து, அதோடு ஒரு கெபாசிட்டரைச் சேர்க்கிறார்கள். அந்தக் காயிலில் ஓடும் மின்சாரம் நேரம் விலகி வருவதால் மோட்டாருக்கு ஒரு திசையில் உந்துதல் கிடைக்கிறது. ஓடத் தொடங்கிய மோட்டாரை முதல் காயில் மட்டுமே ஓரளவு ஓட வைத்துவிடும். தள்ளிவிட்டதும் ஓடியது இதனால்தான்.

உங்கள் வீட்டு சீலிங் ஃபேனிலும் இதே கதைதான். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் 2.5 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை மாற்றிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

காயில் போய்விட்டது, ரீவைண்டிங் செய்ய வேண்டும் என்று மச்சானிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். தள்ளிவிட்டு ஓடுகிறது என்றால் மெயின் காயில் நன்றாக இருக்கிறது என்று பொருள். இரண்டாவது காயிலில் அல்லது கெபாசிட்டரில்தான் கோளாறு. இரண்டில் அடிக்கடி போவது கெபாசிட்டர். மலிவானதும் அதுவே. எனவே அதை முதலில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மாற்றுவது எப்படி?

1. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி, கண் முன்னால் வைத்துக் கொள்ளுங்கள். இப்போது கல்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கோளாறு பேரிங்கில், கெபாசிட்டரில் அல்ல.

2. அடித்தட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அதற்குள்தான் உருளை அல்லது பெட்டி வடிவில் கெபாசிட்டர் இருக்கும். எதையும் தொடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

3. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப் (பழைய குண்டு பல்ப், எல்.இ.டி. உதவாது) வயர்களை அதன் இரு முனைகளிலும் சில விநாடிகள் வைத்து வடித்துவிடுங்கள். வயரின் இன்சுலேஷனை மட்டும் பிடித்துக் கொள்ளுங்கள். பிறகு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். தீப்பொறி தெறிக்கும்.

4. ஒரு வயரையாவது கழற்றிவிட்டு, கெபாசிட்டன்ஸ் அளக்கும் வசதி உள்ள மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மச்சானுடைய கெபாசிட்டரின் மேல் 12 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் காட்டியது 3. கோளாறு பிடிபட்டுவிட்டது.

5. கடைக்குப் பழைய கெபாசிட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். மைக்ரோ ஃபாரட் அளவு அதே எண்ணாக இருக்க வேண்டும். "பெரிசாப் போட்டா நல்லா இழுக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காயில் சூடாகும். வோல்ட் அளவு அதே எண்ணாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறையக் கூடாது. மோட்டார் ஓடும்போதும் இணைப்பில் இருக்கும் "ரன்" வகையைக் கேட்டு வாங்குங்கள். "ஸ்டார்ட்" வகை சில விநாடிகள் மட்டுமே தாங்கும்.

6. இந்த வகைக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. இரண்டு வயரில் எதை எந்த முனையில் இணைத்தாலும் சரி. இணைப்பை ஸ்லீவ் போட்டு மூடுங்கள். இரும்புத் தூள் உள்ளே போகாதபடி அடித்தட்டை இறுக்குங்கள். எர்த் வயர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. முதல் தடவை ஓட விடும்போது கல்லுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, கண்ணாடி அணிந்து, ஒரு நிமிடம் ஓட விடுங்கள்.

மச்சானின் கிரைண்டர் சுவிட்சைத் தட்டியதும் சுற்றியது. கெபாசிட்டருக்கு ஆன செலவு 90 ரூபாய். புதிதாகப் போட்டும் உறுமல் மட்டுமே வந்தால், அப்போது ரீவைண்டிங் கடைக்குக் கொண்டு போகலாம்.

ஒரு குறிப்பு: கை ட்ரில், ஆங்கிள் கிரைண்டர் போன்றவற்றின் மோட்டார் வேறு வகை. அவை நின்று போனால் முதலில் பார்க்க வேண்டியது கார்பன் பிரஷ்.

கம்ப்யூட்டரைத் திறக்கலாமா?

உற்சாகமான மச்சான் அடுத்துக் கேட்ட கேள்வி இதுதான்: "அப்ப கம்ப்யூட்டர் நின்னு போனாலும் இப்படியே மாத்திக்கலாங்களா மாப்ள?"

நல்ல கேள்வி. மதர்போர்டிலும் கெபாசிட்டர்கள் உண்டு. ஆனால் அங்கு உள்ளவற்றில் பெரும்பாலானவை டி.சி.யில் வேலை செய்பவை. சிறிய டின் போன்ற எலக்ட்ரோலிட்டிக் வகைக்கு பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றிப் போட்டாலோ ஏ.சி.யில் இணைத்தாலோ வெடிக்கும். எனவே பழைய போர்டில் பிடுங்கியதை மோட்டாரில் போட நினைக்காதீர்கள்.

இவை கெட்டால் தட்டையான தலை உப்பிவிடும்; சில சமயம் பழுப்பு நிறத்தில் கசியும். 2000-களின் முதல் பாதியில் உலகம் முழுவதும் ஏராளமான மதர்போர்டுகள் இப்படிப் பாழாயின. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளக்ஸ் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய 2005-ஆம் ஆண்டில் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டி வந்தது. அதன் பின் சாலிட் வகைக் கெபாசிட்டர்கள் பரவலாயின.

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைத் திறந்து, தலை உப்பிய கெபாசிட்டர் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். இருந்தால் ஒரு படம் எடுத்து சர்வீஸ் செய்பவரிடம் காட்டுங்கள். பல அடுக்குகள் கொண்ட போர்டில் சால்டரிங் செய்வது பழகிய கைக்கான வேலை.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்திற்காகவும் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டால் பெட்டியோடு மாற்றிவிடுவதே நல்லது.

மச்சான் தலையாட்டினார். இப்போது கிரைண்டர் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்: "கல்லைக் கையால் சுற்றாதே. பிளக்கைப் பிடுங்கு." பட்டறைப் பையனுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. பில் போடும் பாடத்தை மறுநாள்தான் ஆரம்பித்தோம்.