லடாக் பயணத்துக்குக் கேரியர் பற்றவைக்கும் முன்

ரோஹ்தாங், பாரலாச்சா கணவாய்களில் பனி கொட்டிக் கிடக்கும் மாதங்களில்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் லடாக் பயணத்துக்கான பைக்குகள் தயாராகின்றன. கடையில் விற்கும் கேரியரும் பெட்டியும் கட்டுப்படியாகாத விலை என்பதால், பைப் வாங்கி வளைத்துத் தாங்களே செய்துகொள்பவர்கள் உண்டு. அந்தக் கைத்திறன் மதிக்கத்தக்கது. ஆனால் அந்தப் பாகம் நடுவழியில் உடைந்தால் பொறுப்பேற்க எந்தக் கம்பெனியும் வராது. செய்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி கட்டமைப்பைத் திருத்துவதைத்தான் அந்தப் பிரிவு ‘மாற்றம்’ என்று விளக்குகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தத் தடையை உறுதிசெய்தது. ஆகவே போல்ட் போட்டு மாட்டி, வேண்டாதபோது கழற்றிவிடும் கேரியர் வேறு. சேஸிஸை அறுத்து நீட்டுவது வேறு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் கேரியர் அதற்குள் வராது என்று நினைத்தால், அபராதத்தை அங்கேயே கட்டிவிடாமல் நீதிமன்றத்தில் எதிர்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

பின்பெட்டிக்கு அளவே இருக்கிறது. 2020-இல் வந்த விதித்திருத்தப்படி நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பின்சீட் இடத்திலேயே பெட்டியை வைத்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வெல்டிங். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் திறந்து கிடந்த ராடில் பற்றவைத்தால் வெளியே வழவழப்பாகத் தெரியும், உள்ளே குமிழ் விழுந்திருக்கும். ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் வைத்தாலும் அதே கதி. அந்தப் புகை காய்ச்சலையும் கொண்டுவரும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு நாள் முழுக்க வேலை செய்து, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடவைக்கும். மூலைகளுக்கு முக்கோணத் தகடு கொடுங்கள். வண்டியிலேயே பற்றவைக்க நேர்ந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், இல்லையேல் ஈ.சி.யூ. போய்விடும். பளு பின்சக்கர அச்சைத் தாண்டிப் போகப் போக முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கும். அதனால் பயணத்துக்கு வெகு முன்பே முழுச் சுமையோடு உள்ளூர் மலைச்சாலையில் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விளக்கடித்துப் பாருங்கள். பிரேக், ஸ்டியரிங், அச்சு சம்பந்தப்பட்ட எதையும் வீட்டில் செய்யவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கூடுதல் விளக்குகளை ஃபியூஸும் ரிலேயும் வைத்து இணையுங்கள். அவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டுங்கள். பாலிசியில் ஏறாத பொருளுக்கு இழப்பீடு கேட்க முடியாது. கேரியரைக் காரணம் காட்டி விபத்துக் கோரிக்கையையே நிராகரித்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

காசு கொடுத்துச் செய்த வெல்டிங் விட்டுப்போனால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்; இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பட்டறையில் பில் புத்தகம் இல்லையென்றால் ஒரு தாளிலாவது தேதி, வேலை, தொகை, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்த துண்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அவசரப்பட்டு மறுபடி பற்றவைக்கவும் வேண்டாம். ஆணையத்தில் காட்ட அதுதான் சாட்சி.