தோட்டம் விற்கப்பட்டால் வீடு யாருடையது?

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் பிறந்த பலருடைய அடையாள அட்டையில் இன்னமும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. தெருப் பெயர் கிடையாது, வீட்டு எண் கிடையாது. கடிதம் தோட்ட ஆப்பீசுக்கு வரும். கிராணி பிரித்து வைப்பார். காலைப் பெரட்டில் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த ஆப்பீஸ் இப்போது இல்லை. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், அல்லது வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. அரசாங்கக் கடிதங்கள் மட்டும் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கின்றன.

வீடற்றவர் என்றதும் ஈப்போ பழைய நகரத்தில் அஞ்சடியில் அட்டை விரித்துப் படுத்திருப்பவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அவர் வந்து சேர்ந்திருப்பது கடைசிக் கட்டம். அதற்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தோட்டம் கைமாறியிருக்கும், ஒரு நோட்டீசுக்குப் பதில் போகாமல் இருந்திருக்கும், ஒரு மனைக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டப்படாமல் போயிருக்கும். சட்டம் கைகொடுக்கக்கூடிய இடங்கள் பெரும்பாலும் அந்த முந்தைய கட்டங்களில்தான் இருக்கின்றன.

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. தோட்ட முதலாளி தொழிலாளிக்கும் அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் தங்க இடம் தரவேண்டும் என்று 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் வந்ததே 446ஆம் சட்டம். கூரை ஒழுகினால், தண்ணீர் வராவிட்டால், தொழிலாளர் இலாகாவில் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். ஆனால் அது வேலை இருக்கும்வரை. நாற்பது வருடம் பால் வெட்டியவர் ஓய்வு பெற்ற மறுநாள், அதே வீட்டில் நிர்வாகத்தின் தயவில் இருப்பவராகிவிடுகிறார். மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்து வீட்டைத் தக்கவைத்த குடும்பங்கள் எத்தனையோ. படிக்க வேண்டிய பிள்ளை வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. காட்டோரம் குடியிருந்த மக்களை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் கொண்டுபோய்ப் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களையும் வேலிக்குள்தான் வைத்தார்கள், ஆனால் தோட்ட நிலத்திலேயே லயங்களை ஒன்றாகக் குவித்து. 1960இல் அவசரகாலம் முடிந்தது. புதுக்கிராமத்தாருக்கு, கொடுமைக்கு நடுவில் கிடைத்ததுதான் என்றாலும், தனக்கென்று ஒரு மனை மிஞ்சியது. காலப்போக்கில் குத்தகைப் பட்டாவும் வந்தது. லயத்து மக்கள் வேலி பிரிக்கப்பட்ட பிறகும் கம்பெனி நிலத்திலேயே இருந்தார்கள். இந்த வேறுபாட்டை நம் வரலாற்றுப் பேச்சில் யாரும் அதிகம் தொடுவதில்லை.

அதே காலத்தில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் சேர்த்து இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். தோட்டம் தோட்டமாகப் போய்த் தவணைக்குப் பங்கு சேர்த்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அத்தனையையும் ஒரு சங்கம் வாங்கிவிட முடியுமா?

சரி, இன்று ஒரு தோட்டம் மூடப்படுகிறது, அல்லது கைமாறுகிறது. என்ன கிடைக்கும்? முதலில் பணம். 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைப்படி, ஓராண்டுக்கு மேல் வேலை செய்திருந்தால், இரண்டு ஆண்டுக்குக் குறைவான பணிக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். 22 ஆண்டு வேலை செய்து நாளொன்றுக்கு 65 வெள்ளி வாங்கியவருக்கு 440 நாள் சம்பளம், அதாவது 28,600 வெள்ளி. வேலை முடிந்து ஏழு நாளைக்குள் இது கைக்கு வரவேண்டும். இதைத் தவிர, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வார முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம்.

இந்தப் பணம் கைநழுவும் வழிகள் இரண்டு. ஓய்வு வயதில் போகிறவருக்கு இது கிடையாது. தானாக வேலையை விட்டவருக்கும் கிடையாது. அதனால் தோட்டம் கைமாறும் நேரத்தில் ஒரு தாளை நீட்டி, “புது கம்பெனிக்குப் பேர் மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றால், அது ராஜினாமாக் கடிதமா என்று படித்துப் பார்க்க வேண்டும். மலாய் சரளமாகப் படிக்க வராவிட்டால் வீட்டில் படித்த பிள்ளை பார்க்கட்டும், ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். புதிய முதலாளி ஏழு நாளைக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வரவில்லை என்றால் பழைய வேலை முடிந்ததாகவே கணக்கு, இழப்பீடு கேட்கலாம். பல வருடம் காண்ட்ராக்டர் பேரில் வேலை செய்தவர்கள், யார் முதலாளி என்பதே தெரியாமல், தொழிலாளர் இலாகாவில் வந்து திணறுவார்கள். சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் கணக்கறிக்கை, சொக்சோ பதிவு, இவற்றில் ஏதாவது ஒன்றில் முதலாளியின் பெயர் இருக்கும். தேடி எடுத்து வையுங்கள்.

வீட்டுக்கு மாற்று வீடு? இங்கேதான் மனம் கசக்கிறது. தோட்டம் விற்கப்பட்டால் தொழிலாளிக்கு மாற்று வீடு கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கிடைத்த இடங்களிலெல்லாம் போராடிப் பேசி வாங்கியதுதான். சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் விடாமல் நின்ற பிறகே நிலத்துக்கும் வீட்டுக்கும் வழி பிறந்தது. பினாங்கின் கம்போங் புவா பாலாவில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் 2009இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அந்த ஆண்டே கிராமம் இடிக்கப்பட்டது. எவ்வளவு காலம் இருந்தோம் என்பது நியாயத்துக்கு ஆதாரமாகலாம், பட்டாவுக்கு ஆகாது. அரசு நிலத்திலும் சரி, தனியார் நிலத்திலும் சரி, வெறுமனே நெடுங்காலம் குடியிருந்ததால் உரிமை வந்துவிடாது என்று தேசிய நிலச் சட்டம் 48, 341 ஆகிய பிரிவுகளில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்படியானால் பேரம் பேசும் பலம் எங்கே இருக்கிறது? நில மாற்றத்தில். விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும்; நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயம். அந்த அனுமதியில் நிபந்தனை போட மாநிலத்தால் முடியும். மேம்பாட்டாளர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு மந்திரி பெசாருக்கு மனு கொடுப்பதைவிட, விற்பனைப் பேச்சு காதில் விழுந்த வாரமே குடும்பங்களின் பட்டியலோடு சட்டமன்ற உறுப்பினரையும் மாவட்ட நில அலுவலகத்தையும் பார்ப்பது பத்து மடங்கு மேல். கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் காப்பாற்றக் கூடுகிறவர்கள், அதே கூட்டத்தில் வீட்டுக் கணக்கையும் எடுத்தால் நல்லது. கோயில் தப்பி மக்கள் சிதறிப்போன இடங்களில், வருடத்துக்கொரு திருவிழாவுக்குப் பஸ் பிடித்துத்தான் வரவேண்டியிருக்கிறது.

வெளியேறச் சொல்லி வழக்கு வந்தால் தாளை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். நில உரிமையாளர்கள் நீதிமன்ற விதிகளின் 89ஆம் ஆணைப்படிச் சுருக்க முறையில் வெளியேற்ற உத்தரவு கேட்பது வழக்கம். அனுமதியே இல்லாமல் புகுந்தவரும், உரிமையாளர் அனுமதியோடு குடிவந்தவரும் ஒன்றல்ல என்று 1991இல் பொஹாரி பின் தாயிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. தோட்டத்து ஆள் அனுமதியோடு வந்தவர் என்பதால் சுருக்க முறை பொருந்தாது என்று வாதிட இடமுண்டு. ஆனால் நீதிமன்றத்தில் ஆஜராகி அதைச் சொன்னால்தான். குறிப்பிட்ட தேதியில் யாரும் போகாவிட்டால் எதிர்த்தரப்பு கேட்டது கிடைத்துவிடும். லோயருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் அரசின் சட்ட உதவி இலாகாவையும், ஈப்போவிலுள்ள பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் நாடலாம்.

தோட்டத்தை விட்டு வந்தவர்களில் பலர் நகரோரத்தில், ஆற்றோரத்தில், குன்றடியில் பலகை வீடு கட்டினார்கள். அப்படிக் கட்டுவதில் என்ன ஆபத்து என்பதை ஈப்போ 1973 அக்டோபர் 18ஆம் தேதி பார்த்தது. குனோங் செரோ சுண்ணாம்புக் குன்றின் ஒரு பகுதி பெயர்ந்து அடியிலிருந்த வீடுகள் மேல் விழுந்தது. ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். இன்று கச்சாங் பூத்தேவுக்குப் பேர்போன புந்தோங் குடியிருப்பில் இருக்கும் குடும்பங்களில் பல, முன்பு அந்தக் குன்றுப் பக்கம் இருந்து இடம் மாறியவைதாம். மாற்று நிலம் கிடைத்ததால் அந்தச் சமூகம் தொழிலோடு நிமிர்ந்து நின்றது. முறுக்கும் கடலையும் விற்பனைக்குப் போவதற்கு முன்னால் அடுப்பு வைக்க நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் அல்லவா.

அரசு நிலத்தில் இருப்பவர்கள் கையிலுள்ள தாள் என்னவென்று பார்த்துக்கொள்ள வேண்டும். டி.ஓ.எல். என்று நாம் சொல்லும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை விற்க முடியாது. பெயருக்குரியவர் இறந்தால் உரிமமும் அன்றே முடிந்துவிடும். அப்பா பேரிலிருக்கும் டி.ஓ.எல்.லை நம்பி மகன் கல்வீடு கட்டுவது ஆபத்து. முதலில் தன் பேரில் விண்ணப்பம் போட வேண்டும். டி.ஓ.எல்.லும் இல்லாமல் இருப்பது 425ஆம் பிரிவின்படி குற்றம்.

மனை ஒதுக்கீடு கிடைத்த அதிர்ஷ்டசாலிகளும் இடறுகிற இடம் 5ஏ பாரம். நிலம் தர மாநிலம் சம்மதித்ததும், பிரீமியமும் மற்றக் கட்டணங்களும் இவ்வளவு, இன்ன தேதிக்குள் கட்டு என்று நில அலுவலகம் அனுப்பும் தாள் அது. தேதி தாண்டினால் அனுமதி தானாகக் காலாவதியாகிவிடும். தாள் மூடிய தோட்ட ஆப்பீசுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். வந்தும் சில ஆயிரம் வெள்ளி புரட்ட முடியாமல் போயிருக்கலாம். முழுப் பணமும் இல்லையென்றால் தேதி முடிவதற்கு முன்பே கால நீட்டிப்பு கேட்டு எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்குங்கள். பட்டா வந்த பிறகும் நிலவரி பாக்கிக்கு 6ஏ பாரம் வந்தால் மூன்று மாதத்துக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் நிலம் அரசுக்குத் திரும்பிவிடலாம். பட்டா இறந்தவர் பேரிலேயே கிடந்தால் நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீடு, மலாயில் பூசாக்கா கெச்சில், விண்ணப்பம் போடலாம். உயிலில்லாமல் இறந்தவருடைய மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் போதும். 2024 ஜூலைக்கு முன் வரம்பு 20 லட்சமாக இருந்தது.

வாடகை வீட்டுக்காரர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி வைத்திருங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்காது. ஒப்பந்தம் முடிந்தும் நீங்கள் உள்ளே இருந்தால், வீட்டுக்காரர் நீதிமன்றம் போய்த்தான் வீட்டை மீட்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. பூட்டை மாற்றிச் சாமானை வெளியே வைப்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. போலீசில் புகார் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். முன்னால் ஒரு கூடம், பின்னால் கரிபிடித்த அடுப்படி, வாசலில் ஒரு முருங்கை, கறிவேப்பிலை. அந்த வீட்டில் இடம் போதவில்லை என்று குறைசொன்னவர்களே, அடுக்குமாடி வீட்டுக்குப் போன பிறகு முதலில் கேட்கும் கேள்வி, சாவு விழுந்தால் எங்கே கிடத்துவது என்பதுதான். கல்யாணப் பத்திரிகையில் போட ஒரு முகவரி, இறந்தவரைக் கிடத்த ஒரு கூடம், பதினாறாம் நாள் உறவினர் வந்து உட்கார ஒரு வாசல். வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையில் இது எதற்கும் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தெருவுக்கு வந்துவிட்டவருக்கு 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் காத்திருக்கிறது. பிச்சை எடுக்காவிட்டாலும், பொது இடத்தில் பிழைப்பும் இருப்பிடமும் இல்லாமல் காணப்பட்டாலே சமூக நல அதிகாரி அழைத்துப் போகலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணை அறிக்கைக்காக ஒரு மாதம் வரை காப்பகத்தில் வைக்கலாம். பிறகு மூன்று ஆண்டுகள் வரை இல்லத்தில் இருக்க உத்தரவிடலாம். தப்பிப் போனால் மூன்று மாதம் வரை சிறை. வறுமையைக் குற்றத்தின் பக்கத்தில் வைக்கும் இந்தச் சட்டம் எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் அதற்குள் வழிகள் உண்டு. வேலை கிடைத்தாலோ, பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தாலோ விடுவிக்கலாம். மாஜிஸ்திரேட் முன் உறவினரோ, பழைய தோட்டத்து ஆளோ, கோயில் தலைவரோ வந்து நின்றால் நிலைமை மாறும்.

பிள்ளைகளோ உறவினரோ இல்லாத, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசின் ருமா ஸ்ரீ கெனாஙான் இல்லங்கள் உண்டு; பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று இருக்கிறது. அங்கே சேரவும், முதியோர் உதவித்தொகை கேட்கவும், அரசு மருத்துவமனையில் குடிமகனுக்குரிய கட்டணத்தில் சிகிச்சை பெறவும் முதலில் கேட்பது ஐசி. தொலைந்திருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் மாற்று எடுக்கலாம். வீடு மாறியவர்கள் 30 நாளைக்குள் முகவரியைத் திருத்த வேண்டும் என்பது விதி. பழைய தோட்டத்து முகவரியோடு இருப்பவர்கள் தாமதம் ஆகிவிட்டதே என்று ஒதுங்காமல் போய்த் திருத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஓட்டும் இப்போது ஐசி முகவரிப்படிதான் பதிவாகிறது.

அஞ்சடியில் யாரையாவது பார்த்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம். கடைப் பெயர், தெரு, எந்த நேரத்தில் அங்கே இருப்பார், நோயாளியா, மலாய் பேசுவாரா தமிழ் மட்டுமா என்பதைச் சொல்லுங்கள். கூப்பிடுவதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுங்கள். இல்லத்துக்குப் போக விருப்பமில்லாதவர் அதிகாரி வருவதற்குள் இடம் மாறிவிடுவார். புகார் எண் ஒன்று கொடுப்பார்கள். சில நாளில் யாரும் வரவில்லையென்றால் அந்த எண்ணோடு மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.