மேகத்துக்குள் 178 விநாடிகள்

மலாக்கா நீரிணையை ஒட்டிய வானம் காலையில் தெளிவாக இருக்கும். பிற்பகலில் இடிமேகம் திரண்டுவிடும். அதனால்தான் என்னைப் போன்ற பயிற்சி விமானிகள், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கக் கற்கிறோம்.

மேகத்துக்குள் அடிவானம் மறைந்ததும் உடலே நம்மை ஏமாற்றும். உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், நாம் திரும்புவதை மூளைக்கு உணர்த்துகிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் அந்த உணர்வு சிறிது நேரத்தில் மங்கி, நேராகப் பறப்பதாகவே தோன்றும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சி பெறாத 20 பேரைச் சோதித்தது. அனைவருமே விமானக் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடிகள்.

ஆகவே எங்கள் கண்கள் ஓய்வதில்லை. செயற்கை அடிவானக் கருவியிலிருந்து உயரமானி, திசைகாட்டி, வேகமானி என்று ஓடி, மீண்டும் அங்கேயே வரும். ஒரு கருவி பழுதானால் மற்றவை காட்டிக்கொடுக்கும்.

தரையிறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. வழக்கமான கருவிவழித் தரையிறக்கத்தில் அது சுமார் 200 அடி உயரம். அங்கு ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் உடனே மேலே எழும்பிவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போமே’ என்ற ஆசைதான் உயிரைப் பறிக்கும். எனவே அந்த எல்லையைப் பதற்றம் இல்லாத நேரத்திலேயே உறுதிசெய்துகொள்கிறோம்.

விமானியாக விரும்பும் தம்பி தங்கைகளே, தரையிறங்காமல் மேலே எழும்புவதையும் நாங்கள் பாடமாகவே பயில்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.