ஒரே வாரத்தில் பழுக்கும் மரம்

கொல்லையில் ஒரு மாமரம் உள்ள வீட்டுக்கு மே மாதக் கடைசி வாரம் கொண்டாட்டமும் திண்டாட்டமும் சேர்ந்தே வரும். முதல் பழம் விழுந்த அன்று பிள்ளைகள் அதற்குச் சண்டை போடுவார்கள். பத்தாம் நாள் அதே பிள்ளைகள் மாம்பழம் என்றால் எழுந்து ஓடுவார்கள். நன்றாகக் காய்த்த வருஷத்தில் வளர்ந்த மரம் ஒன்று சில நூறு காய் தரும். அடுத்த வருஷம் அதே மரம் கையை விரித்துவிடுவதும் உண்டு. மாமரத்தின் சுபாவம் அப்படி. ஆகவே கிடைத்த வருஷத்துக் காயைக் கிடைக்காத வருஷத்துக்கும் சேர்த்துக் காப்பாற்றுவதில்தான் வீட்டுப் பெரியவர்களின் சாமர்த்தியம் இருந்தது.

ஊத்துக்கோட்டையைத் தாண்டிச் சுருட்டப்பள்ளி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில், வேதநாராயண சுவாமி கோயில் கொண்டுள்ள ஊர் நாகலாபுரம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைப் பக்கத்தில், ஊறுகாய் ஜாடிகளுக்கும் இரண்டு மொழி தெரியும். ஒரு ஜாடியில் வடு. பக்கத்து ஜாடியில் ஆவக்காய்.

இந்த இரண்டு ஜாடிகளும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் சொல்கின்றன. பழுத்த பிறகு என்ன செய்வது என்று யோசிப்பவர் ஏற்கனவே தாமதித்துவிட்டார். காயாக இருக்கும்போதே பாதிக் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும்.

பிஞ்சிலிருந்து தொடங்கும் கணக்கு

காற்றில் தாமாக அடிபட்டு விழும் பிஞ்சு வடுவுக்கு உதவாது. அடிபட்ட இடம் அழுகி, ஜாடியையே கெடுக்கும். காம்போடு பறித்த வடுவை விளக்கெண்ணெயில் புரட்டி உப்பில் போட்டு, நாள்தோறும் குலுக்கிவர வேண்டும். அது தோல் சுருங்கித் தன் தண்ணீரைத் தானே விட்டுக்கொண்டு ஊறும். உப்பைக் கஞ்சத்தனமாகப் போடுகிறவர் கடைசியில் பூஞ்சையைத்தான் அறுவடை செய்வார்.

சித்திரை பிறந்து, கொட்டைக்குள் ஓடு கெட்டிப்பட்டதும் ஆவக்காய்ப் பருவம். நல்ல புளிப்புக் காயாகப் பார்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஓட்டோடு சேர்த்துத் துண்டு போட வேண்டும். ஓடு இல்லாத துண்டு நாளடைவில் குழைந்துவிடும். கடுகுப் பொடி, மிளகாய்ப் பொடி, உப்பு, நல்லெண்ணெய் இவ்வளவுதான் சரக்கு. மூன்றாம் நாள் கிளறிப் பார்த்து, துண்டுகளுக்கு மேல் எண்ணெய் நிற்கவில்லையானால் இன்னும் ஊற்ற வேண்டும். காற்றுப் படாமல் காப்பது அந்த எண்ணெய்ப் படலம்தான்.

எண்ணெய் விற்கும் விலையில் இது கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கு மாங்காய் வற்றல் இருக்கிறது. சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. துண்டங்களை உப்பும் மஞ்சளும் சேர்த்து ஊறவைத்து, பகலில் எடுத்து வெயிலில் காயவைத்து, இரவில் மறுபடி அந்த உப்புத் தண்ணீரிலேயே போட வேண்டும். தண்ணீர் முழுவதும் துண்டங்களுக்குள் ஏறும் வரை இப்படிச் செய்து, பிறகு சுக்காக உலர்த்தி வைத்தால், மழைக்காலத்துக் குழம்புக்குக் காய்கறிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மொட்டை மாடி இல்லாத வாடகை வீட்டில் ஜன்னல் ஓரத்து முறம் ஒன்று போதும். அணில் மட்டும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

மீதியைப் பழமாக்கும்போதும் ஓர் அவசரம் கூடாது. எல்லாக் காயையும் ஒரே நாளில் பறித்து வைக்கோலில் அடைத்தால், எல்லாம் சேர்ந்தே பழுக்கும். பழுக்கும் காய் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. அது பக்கத்துக் காயையும் பழுக்கத் தூண்டும். முற்றிய காய்களை நாலைந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாகப் பறித்துத் தனித்தனியே வைத்தால் வேளைக்கு அளவாகக் கிடைக்கும். காம்பு சற்று நீளமாக நிற்கப் பறிப்பது நல்லது. பால் வழிந்த இடம் கறுத்து, அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி குற்றம். வீட்டில் அதற்கு அவசியமும் இல்லை.

அப்படியும் மிஞ்சினால் தாண்ட்ரா. கோதாவரிப் பக்கத்தில் ஆத்ரேயபுரம் இதற்குப் பெயர் போனது. பழக்கூழில் வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துப் பாயில் மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் அடுத்த பூச்சு, அதன்மேல் இன்னொன்று என்று தடிப்பாக்குவார்கள். வீட்டில் நெய் தடவிய தாம்பாளம் போதும். நாலு நாள் நல்ல வெயில் வேண்டும். வானம் மூடினால் அந்த வேலையை எடுக்காமல் இருப்பதே புத்தி.

தோட்டக்காரரின் திண்டாட்டம்

ஒரு மரத்துக்கு ஜாடியும் முறமும் போதும். ஏக்கர் கணக்கில் கிளிமூக்கு மாங்காய் வைத்தவர் என்ன செய்வார்? தெலுங்கில் தோத்தாபுரி என்று வழங்கும் இந்த ரகம் பெரும்பாலும் கூழ் ஆலைகளை நம்பியே வளர்க்கப்படுகிறது. சீசாவில் விற்கும் மாம்பழ பானங்களுக்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஆலை வாங்கினால் பணம், வாங்காவிட்டால் குப்பை.

2025இல் அதுதான் நடந்தது. முந்தின கூழே விற்காமல் தேங்கியிருக்க, விளைச்சலும் பெருகி, விலை விழுந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஜூன் மாதத்தில் வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரவும் தடை போடப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் காய் வழியில் நின்றது. கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா, தடையை நீக்கக் கோரி ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,490 ரூபாய் 73 காசு என்ற விலையில் 1.62 லட்சம் டன்னுக்கு உதவ ஒப்புக்கொண்டபோது ஜூலை பிறந்துவிட்டது. மாங்காய் அதுவரை காத்திருக்குமா?

சென்னைக் கடற்கரையில் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக் கையில் தருகிறார்களே, அந்த மாங்காயும் இதே கிளிமூக்குதான். ஆனால் ஒரு தள்ளுவண்டிக்காரர் நாள் முழுவதும் விற்றாலும் ஒன்றிரண்டு கூடைதான் காலியாகும். ஆலை வாசலில் நிற்கும் டிராக்டர் ஒவ்வொன்றிலும் டன் கணக்கில் காய் இருக்கிறது.