சபிக்காமல் வழக்காடியவர்

ஜனத்தின் அதிபதியைச் சபிக்கக் கூடாது என்கிறது யாத்திராகமம் 22:28. அதே வசனத்தில் கடவுளைத் தூஷிப்பதற்கும் தடை உண்டு. இதைக் காட்டி, மேலே இருப்பவர்களிடம் வாய் திறக்காமல் இருப்பதே பக்தி என்று போதிப்பவர்கள் பெங்களூருவின் தமிழ்ச் சபைகளிலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேதத்தை முழுதாக வாசித்தால் அப்படித் தோன்றாது.

பவுலைப் பாருங்கள். நியாயசங்கத்தில் அவர் வாயில் அடிக்கச் சொல்கிறான் அனனியா. பவுல் கொதித்துப்போய்க் கடுஞ்சொல் வீசுகிறார். அவன் பிரதான ஆசாரியன் என்று தெரிந்ததும், இதே யாத்திராகம வசனத்தைச் சொல்லித் தணிகிறார். ஆனால் தன் வழக்கை விடவில்லை; ரோமச் சக்கரவர்த்தி வரை அபயமிட்டார். யோபுவும் அப்படித்தான். கடவுளைச் சபித்துவிடு என்று மனைவியே சொன்னபோதும் மறுத்தவர், பிறகு அதே கடவுளிடம் நியாயம் கேட்டு அதிகாரம் அதிகாரமாக முறையிட்டார். முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது, தமக்காகப் பரிந்து பேசிய யோபுவின் நண்பர்கள்மீதுதான்.

இதை வாசிக்கும்போதெல்லாம் ஃபாதர் ஸ்டேன் சுவாமி நினைவுக்கு வருகிறார். திருச்சிப் பக்கத்து விரகாலூரில் பிறந்தவர். 1975 முதல் 1986 வரை பெங்களூரு இந்தியன் சோஷியல் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர். பிறகு ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தார். பீமா கோரேகான் வன்முறை வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைதானார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டுக்கூட நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டியிருந்தது.

2021 மே மாதம் தலோஜா சிறையிலிருந்து காணொளி வழியே பம்பாய் உயர் நீதிமன்றத்திடம் பேசினார். சிறைக்கு வந்தபோது தானே சாப்பிட்டு, நடந்து, குளித்ததையும், அவை ஒவ்வொன்றாக இயலாமல் போனதையும் எடுத்துச் சொன்னார். மும்பை ஜே.ஜே. மருத்துவமனை வேண்டாம், ராஞ்சியில் தன் மக்களோடு இருக்க விடுங்கள் என்றார். யாரையும் ஏசவில்லை. தன் கோரிக்கையைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை.

ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, மும்பை ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் இறந்தார். வயது 84. இரண்டு வாரம் கழித்து உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எஸ். ஷிண்டே, ஸ்டேன் சுவாமியின் பணிமீது தமக்குப் பெரும் மரியாதை உண்டு என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். அவரைக் கைது செய்திருந்த தேசியப் புலனாய்வு முகமை ஆட்சேபித்தது. அந்த வாரமே நீதிபதி தம் சொற்களைத் திரும்பப் பெற்றார்.